ஃபென்டாஸ்டிக் ஃபோர் தொகுப்புகள்: வாங்குவதிலும் வாசிப்பதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சூப்பர் ஹீரோ காமிக்ஸில் குடும்பக் கதை என்றால் முதலில் நிற்பது ஃபென்டாஸ்டிக் ஃபோர்தான். ரீட், சூ, ஜானி, பென் நால்வரும் 1961-இல் அறிமுகமானார்கள். அவர்களின் முக்கிய வில்லன் டாக்டர் டூம் 1962-இல், 5-ஆவது இதழிலேயே வந்துவிட்டான். அதன் பிறகு எத்தனை முறை தோற்றாலும் திரும்பி வந்துகொண்டே இருக்கிறான். அவன் வரும் ஒவ்வொரு முறையும் அந்த வீட்டில் ஏதாவது மாறியிருக்கும்: ஒரு கல்யாணம், ஒரு பிரசவம், ஒரு சாவு. மாத இதழ்களைச் சேர்த்துப் புத்தகமாக்கிய தொகுப்புகளை முன்பின்னாக எடுத்துப் படித்தால் சண்டை புரியும். டூமின் வன்மம் எங்கே கை வைக்கிறது என்பது புரியாது.

பலரும் சறுக்குவது எண்களில். முதல் வரிசை 1996-இல் 416-ஆவது இதழோடு நின்றது. இரண்டாவது வரிசை 13 இதழ்கள். 1998-இல் தொடங்கிய மூன்றாவது வரிசை 70 இதழ்கள் ஓடியது. மூன்றையும் கூட்டினால் 499. அதனால் 2003-இல் பதிப்பகம் பழைய கணக்குக்குத் திரும்பி, அடுத்த இதழுக்கு 500 என்று எண் போட்டது. 71-ஐத் தேடி அலைய வேண்டாம். மூன்றாவது வரிசையில் அப்படி ஓர் இதழே கிடையாது. மார்க் வெயிட் எழுதி மைக் வீரிங்கோ வரைந்த 'அன்திங்கபிள்' கதை சரியாக இந்த இடத்தில்தான் வருகிறது: 67 முதல் 70 வரை, பிறகு நேராக 500. எண் குழப்பத்தில் 70-உடன் நிறுத்தினால் கடைசி அத்தியாயமே கைநழுவும்.

அதே கதையில் இன்னொரு பள்ளமும் உண்டு. 'எனக்குப் பிடித்த எழுத்தாளரின் தொகுப்பு மட்டும் போதும்' என்று வாங்குபவர்கள் இதில் விழுகிறார்கள். வெயிட்டின் பங்கு 60-ஆவது இதழில் தொடங்குகிறது. ஆனால் சூவின் பிரசவம் சிக்கலாகி, டூம் வந்து குழந்தையைக் காப்பாற்றி, 'வலேரியா' என்று பெயரும் வைப்பது 54-ஆவது இதழில். அதை எழுதியவர்கள் வேறு. 'அன்திங்கபிள்' கதையில் டூம் விஞ்ஞானத்தை விட்டு மந்திரத்தைக் கையில் எடுக்கிறான். தான் பெயர் வைத்த அதே குழந்தையைக் கருவியாக்குகிறான். 54-ஐப் படித்தவருக்கு அந்தப் பக்கங்கள் வயிற்றைக் கலக்கும். படிக்காதவருக்கு அவன் இன்னொரு கொடூர வில்லன், அவ்வளவுதான். ஆகவே எழுத்தாளர் பெயரோடு நிற்காமல், திரும்பி வரும் வில்லன் கடைசியாக எந்த இதழில் வந்தான் என்று பார்த்து, அங்கிருந்து தொடங்குங்கள்.

ஆண்டு மலர்களை விடுவது மூன்றாவது தவறு. டூமின் பூர்வகதை 1964-இன் 2-ஆவது ஆண்டு மலரில் இருக்கிறது. ரீட்–சூ கல்யாணம், அதைக் கெடுக்க டூம் வில்லன் கூட்டத்தையே ஏவிவிடுவது, எல்லாம் 1965-இன் 3-ஆவது மலரில். அவர்களின் மகன் ஃபிராங்க்ளின் பிறப்பது 1968-இன் 6-ஆவது மலரில். மாத இதழ்களின் எண்களை மட்டும் சரிபார்த்து வாங்கினால் குடும்பத்தின் முக்கியமான நாட்களெல்லாம் காணாமல் போகும்.

2011-இல் வந்த 588-ஆவது இதழுக்குப் பிறகும் இதே கதைதான். அதையடுத்து தலைப்பே 'எஃப்எஃப்' என்று மாறி, எண் 1-இலிருந்து தொடங்குகிறது. 588, அப்புறம் எஃப்எஃப் 1 முதல் 11 வரை, அதன் பிறகு 600 என்பதே வரிசை. டூமும் ரீடும் ஒரே மேசையில் உட்கார வேண்டிய கட்டாயம் நடுவில் இருக்கும் எஃப்எஃப் இதழ்களில்தான் வருகிறது.

வாங்கும் முன் புத்தகத்தின் முதுகில் உள்ள 'வால்யூம் 1'-ஐ நம்பாதீர்கள். எழுத்தாளர் மாறினாலும் புதிய பதிப்பு வந்தாலும் மறுபடி 1 என்றே போடுவார்கள். பதிப்புரிமைப் பக்கத்தில், உள்ளே எந்தெந்த இதழ்கள் இருக்கின்றன என்று ஒரு வரி இருக்கும். அதுவே ஆதாரம். பேப்பர்பேக், ஹார்ட்கவர், ஆம்னிபஸ் (பல தொகுப்புகளை ஒன்றாக்கிய தடித்த புத்தகம்) என மூன்று வடிவில் ஒரே கதையை வாங்காமல் தப்பிப்பதும் அந்த வரியால்தான்.

முன்னுரையை முதலில் படிக்காதீர்கள். கதையைப் படித்தவருக்கு எழுதுவதுபோல் முடிவைப் போட்டு உடைக்கும் முன்னுரைகள் நிறைய. அட்டைப்படங்களிலும் கவனம் தேவை. மாத இதழில் கடைசிப் பக்கத்தில் வில்லன் திரும்பினால் வாசகர் ஒரு மாதம் காத்திருப்பார். தொகுப்பில் எதிர்ப்பக்கத்திலேயே அடுத்த இதழின் அட்டை அவன் முகத்தோடு நிற்கலாம். பக்க எண்ணிக்கையைப் பார்த்து, ஓர் இதழுக்குச் சுமார் 20 முதல் 22 பக்கம் என்று கணக்கு வைத்து, முடிவு நெருங்கும்போது வலப்பக்கத்தை ஒரு தாளால் மூடிக்கொண்டு படியுங்கள்.

தடித்த ஆம்னிபஸ்ஸை வாங்கியதும் நடுவில் விரித்து அழுத்துவது முதுகை உடைக்கும். முதுகு மேசையில் படும்படி நிறுத்தி, முதலில் இரு அட்டைகளையும் சாய்க்கவும். பிறகு முன்னால் சில தாள், பின்னால் சில தாள் என மாறி மாறி நடுப்பகுதி வரை மெதுவாகத் தடவி விரிக்கவும். பசை பைண்டிங் உள்ள பேப்பர்பேக்கில் இரட்டைப் பக்கப் படங்களின் நடுப்பகுதி மடிப்புக்குள் போய்விடும். அதைப் பார்க்கவென்று பிரித்து இழுத்தால் தாள் கழன்று வரும். அப்படிப்பட்ட பக்கங்கள் அதிகமுள்ள கதைக்குத் தையல் பைண்டிங் உள்ள பதிப்பைத் தேடி வாங்குவது நல்லது.