பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போடும்போது சறுக்கும் இடங்கள்

பரணில் கிடந்த லேப்டாப்பை இறக்கித் தூசி தட்டியதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எந்த லினக்ஸ் போடலாம்?" என்பதுதான். லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய ஓஎஸ் (இயங்குதளம்), அதில் பல வகைகள் உண்டு. லுபுண்டுவா, மின்ட்டா, ஆன்டிஎக்ஸா என்று நாலு நாள் வீடியோ பார்த்து ஒன்றை முடிவு செய்வார்கள். முதல் தவறு இதுதான். மெஷினில் என்ன இருக்கிறது, அதில் என்ன வேலை நடக்க வேண்டும் என்பதைப் பார்த்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி அது. எடை குறைந்த ஓஎஸ் போட்டால் லேப்டாப் பறக்கும் என்பது பாதி உண்மைதான். ஓஎஸ்ஸின் எடை குறையும். அதில் நாம் திறக்கிற பிரவுசரின் எடை குறையாது.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியோடு வருகிற மெஷின்களில் அரசு கொடுத்த லேப்டாப்புகள் நிறைய. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் ஆரம்ப கால மெஷின்களில் 2 ஜிபி ராமும் சுழலும் ஹார்ட் டிஸ்க்கும்தான். வேடிக்கை என்னவென்றால், அவற்றில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்து மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கியது அது. பலர் அதை ஒரு முறைகூடத் திறந்து பார்த்ததில்லை! இப்போது விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இந்த வயது மெஷின்களை ஏற்பதில்லை. ஆக லினக்ஸ் பக்கம் வருவது சரியான முடிவுதான்.

சரி, 2 ஜிபி மெஷினில் என்ன நடக்கிறது? லுபுண்டு மாதிரி ஒன்று ஏறி நின்றதும் சில நூறு எம்பி போய்விடும். ஜிமெயில், வாட்ஸ்அப் வெப், ஒரு யூடியூப் வீடியோ, இந்த மூன்று டேபும் சேர்ந்தால் சுலபமாக 1 ஜிபியைத் தாண்டும். ராம் நிரம்பியதும் மீதியை ஹார்ட் டிஸ்க்கில் இறக்கி ஏற்ற ஆரம்பிக்கும். அப்போதுதான் மவுஸ்கூட நகராமல் நிற்கும். நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் டிஸ்க் ஒரு சுற்று முடிக்கவே 11 மில்லி செகண்ட் ஆகிறது. அங்கங்கே சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் தகவல்களை செகண்டுக்கு நூறு முறை எடுத்துக் கொடுத்தாலே அது பெரிய விஷயம். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி என்ற டிஸ்க், சாதாரண மாடலாக இருந்தாலும், அதே வேலையைப் பல ஆயிரம் முறை செய்யும்.

அதனால் கையில் இருக்கும் பணத்தை முதலில் எஸ்எஸ்டிக்குக் கொடுங்கள், அடுத்து ராமுக்கு. பழைய போர்டு எஸ்எஸ்டியின் முழு வேகத்தைத் தராது, பாதிதான் கிடைக்கும் என்று கடைக்காரர் சொன்னால் அது உண்மைதான். ஆனால் நமக்கு லாபம், டிஸ்க் தகவலைத் தேடி எடுக்கும் நேரம் மிச்சமாவதில்தான் இருக்கிறது. விலை உயர்ந்த மாடல் இதற்கு வேண்டாம் என்று மட்டும் புரிந்துகொள்ளுங்கள். ராம் வாங்கும் முன் உள்ளே இருப்பதைக் கழற்றி ஸ்டிக்கரைப் பாருங்கள். பிசி3 என்று இருந்தால் 1.5 வோல்ட், பிசி3எல் என்று இருந்தால் 1.35 வோல்ட். எல் போட்டது பொதுவாக இரண்டு வகை மெஷினிலும் ஓடும். எல் இல்லாததை 1.35 வோல்ட் மட்டும் தரும் மெஷினில் போட்டால் திரை கறுப்பாகவே நிற்கும்.

எஸ்எஸ்டி வாங்காமல் பழைய டிஸ்க்கிலேயே போடுவதென்றால், அது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்காமல் போடாதீர்கள். லினக்ஸை பென் டிரைவிலிருந்து லைவாக, அதாவது இன்ஸ்டால் செய்யாமலே, ஓடவிட்டு, மின்ட்டில் இருக்கும் 'டிஸ்க்ஸ்' செயலியில் ஸ்மார்ட் தகவலை (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் பட்டியல்) திறங்கள். ரீஅலோகேட்டட் செக்டர் (கெட்டுப்போய் மாற்றப்பட்ட பகுதிகள்), பெண்டிங் செக்டர் (படிக்கத் திணறும் பகுதிகள்) என்ற இரண்டு வரிகளிலும் பூஜ்யம் இருந்தால் நிம்மதி. எண் இருந்து, அது நாளுக்கு நாள் ஏறிக்கொண்டும் இருந்தால், எந்த ஓஎஸ் போட்டாலும் சில வாரத்தில் மறுபடி இதே இடத்துக்குத்தான் வருவீர்கள். டச்பேடு மேலே தூக்கிக்கொண்டு நின்றால் அடியில் பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். ஓஎஸ் பேச்சை விட்டுவிட்டு முதலில் அதை எடுக்கச் செய்யுங்கள்.

அடுத்த குழப்பம் 32 பிட், 64 பிட், அதாவது பிராசசரும் ஓஎஸ்ஸும் பழைய வகையா, புதிய வகையா என்பது. விண்டோஸில் '32 பிட்' என்று காட்டுகிறது, அதனால் 32 பிட் லினக்ஸ்தான் வேண்டும் என்று தேடி அலைபவர்கள் அதிகம். அங்கே காட்டுவது போட்டிருக்கும் விண்டோஸின் கணக்கு. 2 ஜிபி மெஷின்களில் 64 பிட் பிராசசர் இருந்தும் 32 பிட் விண்டோஸ் போட்டுத் தருவது அப்போது சகஜம். 64 பிட் லைவ் பென் டிரைவைச் செருகிப் பாருங்கள், பூட் ஆனால் விஷயம் முடிந்தது. நிஜமாகவே 32 பிட் மட்டும் உள்ள ஆரம்ப கால இன்டெல் ஆட்டம் பிராசசர் நெட்புக் என்றால் அதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள் என்பதே என் கருத்து. டெபியன் 13 அதற்கான இன்ஸ்டாலரை 2025-ல் நிறுத்திவிட்டது. ஃபயர்ஃபாக்ஸும் 144-ஆவது பதிப்போடு 32 பிட் லினக்ஸைக் கைவிட்டுவிட்டது.

எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) என்ற விஷயத்தில் என் பதில் சுருக்கமானது. 4 ஜிபி இருந்தால் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ, 2 ஜிபி என்றால் லுபுண்டு, அதுவும் திணறினால் ஆன்டிஎக்ஸ். 4 ஜிபி இருந்தும் இருப்பதிலேயே இளைத்ததாகத் தேடிப் போட்டுவிட்டு, வைஃபை ஐகான் எங்கே என்றே தெரியாமல் வீட்டில் இருப்பவர்கள் கைகழுவிய கதைகள் உண்டு. இன்னொரு பக்கம், பழைய மெஷினுக்குப் பழைய பதிப்புதான் பொருந்தும் என்று காலாவதியான உபுண்டுவைத் தேடி இறக்குபவர்கள். பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன ஓஎஸ்ஸில் பேங்க் வேலை பார்ப்பதற்கு அந்தப் பழைய விண்டோஸே பரவாயில்லை. மின்ட் 22-க்கு 2029 வரை அப்டேட் உண்டு. லுபுண்டுவின் எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவு) பதிப்புக்கு மூன்று வருடம்தான்.

இறக்கிய ஐஎஸ்ஓ ஃபைலை (ஓஎஸ் முழுவதும் அடங்கிய ஒரே ஃபைல்) அப்படியே பென் டிரைவில் காப்பி செய்தால் பூட் ஆகாது. ரூஃபஸ் போன்ற செயலியால் எழுத வேண்டும், அல்லது முதலில் பென் டிரைவில் வென்டாய் என்ற செயலியைப் போட்டுவிட்டு அதன் பிறகு காப்பி செய்யலாம். பூட் ஆன கையோடு இன்ஸ்டால் பட்டனைத் தட்டிவிடாமல், லைவிலேயே கொஞ்ச நேரம் இருந்து பாருங்கள். பாட்டு கேட்கிறதா, மூடியை மூடித் திறந்தால் விழிக்கிறதா, வைஃபை தெரிகிறதா? சில பிராட்காம் கம்பெனி வைஃபை கார்டுகளுக்கு டிரைவரைத் தனியாக இறக்க வேண்டியிருக்கும், அதை இறக்க நெட் வேண்டும். மொபைலை யூஎஸ்பி கேபிளில் செருகி டெதரிங் (மொபைல் நெட்டைப் பகிர்வது) போட்டால் லினக்ஸ் அதைச் சாதாரண நெட் கேபிளாகவே எடுத்துக்கொள்ளும்.

பிரிண்டரையும் மறக்காதீர்கள். நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளிலும் சின்ன ஆபீஸ்களிலும் அடிக்கடி கண்ணில் படும் கேனான் எல்பிபி 2900-க்கு லினக்ஸில் செருகியதும் வேலை செய்யும் டிரைவர் கிடையாது. வேறு வழியில் ஓடவைக்கலாம், ஆனால் பொறுமை வேண்டும். டேலியும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் அன்றாட வேலை என்றால் அந்த மெஷினில் விண்டோஸே இருக்கட்டும்.

எனக்குத் தெரிந்து அதிகக் கண்ணீர் வரவழைப்பது இனி சொல்லப்போவதுதான். "ஃபார்மட் போட்டால் சி டிரைவ்தானே போகும், போட்டோ எல்லாம் டி டிரைவில் பத்திரமாக இருக்கிறது." சர்வீஸ் கடையில் விண்டோஸ் போடும்போது சி டிரைவை மட்டும் அழித்துப் பழகியதால் வந்த நம்பிக்கை இது. லினக்ஸ் இன்ஸ்டாலருக்கு சி, டி என்ற பெயர்களே தெரியாது. 'எரேஸ் டிஸ்க்' என்று கொடுத்தால் அது டிஸ்க் முழுவதையும் அழிக்கும். டி, ஈ எல்லாம் ஒரே டிஸ்க்கில் போட்ட கோடுகள்தான். கல்யாண போட்டோ, சான்றிதழ் ஸ்கேன் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்குக்கு எடுத்து, வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்து, அந்த வெளி டிஸ்க்கைக் கழற்றி வைத்த பிறகு இன்ஸ்டால் ஆரம்பியுங்கள். கழற்றி வைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எந்த டிஸ்க் என்று இன்ஸ்டாலர் கேட்கும்போது செருகியிருக்கும் எல்லாம் ஒரே பட்டியலில் வரும். அதில் கை தவறுவது சுலபம்.

இன்ஸ்டால் முடிந்தது. இப்போது எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்று வருகிறதா? ஓஎஸ்ஸைத் திட்டுவதற்கு முன் மூலையில் தேதியைப் பாருங்கள். வருடக்கணக்கில் சார்ஜ் காணாத மெஷினில் மதர்போர்டின் பட்டன் பேட்டரி தீர்ந்து, தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். அந்தத் தேதியில் இன்றைய தளங்களின் சான்றிதழ் செல்லாது, அப்டேட்டும் இறங்காது. பெரும்பாலும் அது சிஆர்2032, கடிகாரக் கடையில்கூடக் கிடைக்கும். யூடியூப் திறந்தாலே ஃபேன் கத்தினால் அதற்கும் காரணம் உண்டு. யூடியூப் அனுப்பும் புதிய வீடியோ வகைகளைப் பிரிக்கப் பழைய கிராஃபிக்ஸால் முடியாமல் பிராசசரே எல்லாம் செய்கிறது. எச்264இஃபை என்ற பிரவுசர் எக்ஸ்டென்ஷனைப் போட்டு, வீடியோ தரத்தை 480பி-யில் வைத்தால் சத்தம் அடங்கும். இதற்கெல்லாம் தீர்வு தேடும்போது கண்ணில் படும் சூடோ கட்டளைகளை (மெஷினில் எதையும் மாற்றும் முழு அதிகாரத்தோடு ஓடுபவை) அர்த்தம் தெரியாமல் டெர்மினலில் ஒட்டாதீர்கள்.

கடைசியாகத் தமிழ். வானவில், பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கடிதங்களைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் கூட்டமாகத் தெரியும். ஃபைல் கெடவில்லை. விண்டோஸை அழிக்கும் முன் அந்த எழுத்துரு ஃபைல்களையும் சேர்த்துக் காப்பி எடுத்து வைத்திருந்தால், லினக்ஸில் அவற்றை இன்ஸ்டால் செய்ததும் தமிழாகிவிடும். தட்டச்சுக்கு, தமிழ்99 விசைப்பலகை வேண்டுமென்று கீபோர்டு செட்டிங்கில் இருக்கும் தமிழ்நெட் 99-ஐச் சேர்த்துவிட்டு, "லினக்ஸில் தமிழ்99 சரியில்லை" என்று பலர் சொல்கிறார்கள். 'அம்மா' என்று அடிக்க 'ம'வை இரண்டு முறை தட்டினால் முதல் 'ம'வுக்குப் புள்ளி தானாக விழ வேண்டும். அந்த லேஅவுட் வெறும் விசைக்கு எழுத்து என்று மாற்றித் தருவதால் அது நடக்காது. ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருள், அதற்கான எம்17என் என்ற பல மொழித் துணைத் தொகுப்பு இரண்டையும் இன்ஸ்டால் செய்து, ஐபஸ் பட்டியலில் தமிழ்99-ஐச் சேருங்கள். சேர்த்த பிறகு ஒரு முறை லாக் அவுட் செய்து உள்ளே வாருங்கள், அதற்கு முன் பல செயலிகளில் அது வேலை செய்யாது.