கரை என்று நினைத்த இடம்: நீர்த்தேக்கத்தில் தங்குவோர் செய்யும் தவறுகள்

போன வாரம் ஒரு நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் ஒரு குடும்பம் கூடாரம் அடித்துக்கொண்டிருந்தது. தண்ணீரிலிருந்து பத்தடி. பக்கத்திலேயே கார். பல ஆண்டுகளுக்கு முன் நான் ஏமாந்ததும் இப்படியோர் இடத்தில்தான். டார்ச்சை மறப்பது, கூடாரத்து முளைகளை வீட்டிலேயே விட்டுவருவது போன்றவை ஒரு ராத்திரியில் தாமே பாடம் சொல்லிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

தேக்கம் நிரம்பும்போது தண்ணீர் எட்டும் மட்டத்துக்குக் கீழே தங்குவது

நீர்த்தேக்கத்தின் கரை நிலையாக ஓரிடத்தில் இருப்பதில்லை. மதகைத் திறந்தால் பின்வாங்கும்; மேலே எங்கோ மழை பெய்தால் முன்னேறி வரும். தண்ணீரை ஏற்றி இறக்கி மின்சாரம் எடுக்கும் திட்டங்களில் சில மணி நேரத்திலேயே மட்டம் பல மீட்டர் மாறிவிடும். 50 மீட்டர் நடந்தால் 1 மீட்டர்தான் ஏறும் என்கிற தட்டையான கரையில், மட்டம் வெறும் 20 செ.மீ. உயர்ந்தாலே தண்ணீர் 10 மீட்டர் உள்ளே வந்துவிடும்.

நான் ஏமாந்த அன்று இரவு வானம் நிறைய நட்சத்திரம். விடியும் முன் பாய் நனைந்துதான் எனக்கு விழிப்பு வந்தது. முந்தைய நாள் நீர்ப்பிடிப்புப் பகுதியில் கொட்டிய மழை, மலைகளைத் தாண்டி அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தது. கூடாரத்தைச் சுருட்டி எடுத்துவிட்டேன். கார்தான் போயிற்று. வெடித்துக் காய்ந்த வண்டல், மேலே ஓடு போல இருக்கும், உள்ளே களி. கிளப்பக் கிளப்பச் சக்கரங்கள் அச்சுவரை இறங்கின. டிராக்டர் வருவதற்குள் எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. அந்தச் செலவை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான் வருகிறது.

இத்தனைக்கும் தண்ணீர் எதுவரை ஏறும் என்பதற்கு எல்லா அடையாளமும் கண்முன்னே இருந்தது. பாறைகளில் வெளிறிய பட்டை, சருகும் குச்சியும் ஒதுங்கிய கோடு, அதற்கு மேலேதான் தொடங்கும் புதர்கள். ஒரு மரம்கூட இல்லாமல் அந்த இடம் ஏன் அவ்வளவு சமமாக இருக்கிறது என்று நான் யோசிக்கவேயில்லை. சமப்படுத்தியதே தண்ணீர்தான்.

இதையெல்லாம் அந்தக் குடும்பத்திடம் சொன்னேன். "மழையே இல்லையே சார்!" என்றார்கள். என் மனம் நோகக் கூடாதென்று கூடாரத்தை இருபதடி தள்ளி அடித்தார்கள். கோட்டுக்குக் கீழேதான்.

மேல்நீரின் சூட்டை நம்புவது

வெயிலில் மேல்நீர் இதமாக இருக்கும். சில மீட்டர் கீழே சில்லென்றிருக்கும். 15 டிகிரிக்குக் குறைந்த நீரில் திடீரென விழுந்தால் மூச்சுத் திணறி, நன்றாக நீந்துபவரும் தண்ணீரைக் குடித்துவிடுவார். தலைகீழாகக் குதிக்கவே வேண்டாம். மூழ்கிய நிலத்தின் மரக்கட்டைகளும் சுவர்களும் அடியில் அப்படியே நிற்கலாம்.

அணைக்குக் கீழே ஆற்றில் குளிப்பது

அணையில் தண்ணீர் திறக்கும் முன் சங்கு ஊதும், பிறகு ஏறிக்கொள்ளலாம் என்று இறங்காதீர்கள்.

காற்றடைத்த மிதவை

கரையிலிருந்து காற்று வீசும்போது வேண்டவே வேண்டாம்.

பச்சைப் படலம்

பெயின்ட் கொட்டியது போல் பாசி மிதந்தால் கால்கூட நனைக்காதீர்கள். அதன் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. நாயையும் இறங்க விடாதீர்கள்.