புது மானிட்டர் இருட்டாகவே இருக்கிறதா? திருப்பி அனுப்பும் முன் இதையெல்லாம் பார்த்துவிடுங்கள்

பெட்டியைப் பிரித்து, தெர்மாகோலை எடுத்துப்போட்டு, ஸ்டாண்டைத் திருகி, வயரெல்லாம் செருகி, ஆசையாகச் சுவிட்சைப் போட்டால் கறுப்புக் கண்ணாடியில் நம் முகம்தான் தெரிகிறது. உடனே மனசு 'சரி, வழியிலேயே எங்கேயோ போட்டு உடைத்துவிட்டார்கள்' என்று தீர்ப்பு எழுதிவிடும். கொஞ்சம் பொறுங்கள். புது மானிட்டர் செத்தே வந்து சேருவதும் உண்டுதான், ஆனால் நான் பார்த்தவரை பெரும்பாலும் மானிட்டர் நன்றாக இருக்கும், அதற்குப் படம் வந்து சேராமல்தான் இருக்கும். இந்த இரண்டில் எது என்று தெரியாமலேயே கேபிளை மாற்றுவது, டிரைவரை (கிராபிக்ஸை இயக்கும் மென்பொருளை) அழிப்பது, சிபியுவைத் திறப்பது என்று இறங்கினால் பொழுது போய்விடும். கடைசியில் படம் வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ள ஒரு சோதனை போதும். மானிட்டருக்குப் போகும் வீடியோ கேபிள்கள் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளே போர்ட், டைப்-சி எதுவும் வேண்டாம், பவர் வயர் மட்டும் இருக்கட்டும். இப்போது மானிட்டரை ஆன் செய்து கண்ணை எடுக்காமல் ஒரு பத்து விநாடி பாருங்கள். கம்பெனி லோகோவோ 'நோ சிக்னல்', 'செக் கேபிள்' மாதிரி ஏதாவது வாசகமோ வந்து மறைந்தால் பேனல் (படம் காட்டும் பலகை), பின்விளக்கு (அதற்குப் பின்னால் எரியும் விளக்கு), பவர் மூன்றும் வேலை செய்கின்றன என்று அர்த்தம். 'நோ சிக்னல்' என்று வந்தால் பலர் சோர்ந்துபோவார்கள், எனக்கோ அதைப் பார்த்தால்தான் நிம்மதி. அதை எழுதிக் காட்டுவது மானிட்டரே தானே. உயிர் இருக்கிறது, பேசவும் செய்கிறது, இனிமேல் தேட வேண்டியது கேபிளிலும் கம்ப்யூட்டரிலும்தான்.

எதுவுமே வரவில்லை என்றால் பவர் பக்கம் போங்கள். சுவரில் சுவிட்ச் போட்டிருக்கிறதா என்று நான் கேட்டால் கோபம் வரும், ஆனாலும் அந்த சாக்கெட்டில் போன் சார்ஜரைச் செருகிப் பார்த்துவிடுங்கள். மானிட்டருக்குத் தனியாகப் பவர் அடாப்டர் இருந்தால் சுவரிலிருந்து அதற்கு வரும் வயர் பாதிதான் உள்ளே போயிருக்கும், அழுத்தித் தள்ளினால் இன்னும் கொஞ்சம் போகும். சில மாடல்களில் பின்பக்கம், பவர் சாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே, கோடும் வட்டமும் போட்ட இன்னொரு சுவிட்ச் இருக்கும். கோடு என்றால் ஆன். அப்புறம் ஆன் பட்டன் எங்கே என்பதே இப்போதெல்லாம் ஒரு புதிர்: முன்னால் ஒன்றும் இருக்காது, கீழ் விளிம்பின் நடுவிலோ வலது பக்கம் முதுகிலோ குட்டி ஜாய்ஸ்டிக் மாதிரி ஒன்று இருக்கும், அதை நடுவில் அழுத்த வேண்டும். பழைய மானிட்டரின் அடாப்டர் முனை பொருந்துகிறதே என்று அதை மட்டும் செருகிவிடாதீர்கள். ஒரே மாதிரி முனை கொண்ட அடாப்டர் ஒன்று 12 வோல்ட் தரும், இன்னொன்று 19 வோல்ட் தரும்.

சின்ன விளக்கு ஒன்று எரிகிறதா என்றும் பாருங்கள். வழக்கமாக வெள்ளை அல்லது நீலம் என்றால் ஆன், ஆரஞ்சு நிறத்தில் எரிந்தாலோ விட்டுவிட்டு மினுங்கினாலோ சிக்னல் கிடைக்காமல் தூங்குகிறது என்று பொருள். விளக்கு ஆன் நிறத்தில் எரிந்தும் திரை இருட்டாகவே இருந்தால் கம்ப்யூட்டரை மறுபடி இணைத்து ஓடவிட்டு, அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் திரைக்குப் பக்கத்தில் சாய்வாகப் பிடித்து உற்றுப் பாருங்கள். ஐகான்களோ எழுத்தோ மங்கலாகத் தெரிந்தால் படம் வருகிறது, பின்விளக்குதான் எரியவில்லை. அதை நீங்கள் சரிசெய்ய முடியாது, மாற்றித்தான் வாங்க வேண்டும். (ஓஎல்இடி திரைக்கு இந்தச் சோதனை செல்லாது, அதில் பின்விளக்கே கிடையாது.)

மானிட்டர் பேசுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் அது என்ன சொல்கிறது என்று முழுதாகப் படியுங்கள். 'டிஸ்ப்ளே போர்ட் நோ சிக்னல்' என்று அது எழுதிக்கொண்டிருக்கும், நீங்கள் கேபிளை எச்டிஎம்ஐ-யில் செருகியிருப்பீர்கள். கேபிள் எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று தானாகவே கண்டுபிடிக்கும் வசதி பல மானிட்டர்களில் இருந்தாலும் அதை முழுதாக நம்ப முடியாது. மெனுவில் இன்புட் அல்லது சோர்ஸ் என்ற இடத்துக்குப் போய் நீங்கள் செருகியிருக்கும் போர்ட்டை நீங்களே தேர்ந்தெடுங்கள். இரண்டு எச்டிஎம்ஐ இருந்தால் எது 1, எது 2 என்று பின்னால் பொறித்திருக்கும், டார்ச் அடித்தால் தெரியும்.

அடுத்தது கம்ப்யூட்டரின் முதுகு. டெஸ்க்டாப்பில் தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் கேபிள் அதில்தான் போக வேண்டும். யூஎஸ்பி, நெட்வொர்க் எல்லாம் கூட்டமாக இருக்கும் இடத்தில் இருக்கும் எச்டிஎம்ஐ மதர்போர்டுக்குச் சொந்தமானது, அதற்குக் கீழே தள்ளி வேறு திசையில் படுத்துக் கிடக்கும் போர்ட்டுகள் கார்டுக்குச் சொந்தம். மதர்போர்டில் எச்டிஎம்ஐ துளை இருப்பதாலேயே அதில் படம் வரும் என்றும் நினைக்காதீர்கள். 12400எஃப் மாதிரி எஃப் என்று முடியும் இன்டெல் பிராசசர்களிலும், ரைசன் 5600எக்ஸ் போன்றவற்றிலும் கிராபிக்ஸ் பகுதியே கிடையாது, அந்தத் துளை சும்மா அலங்காரம்தான். புதுக் கார்டு என்றால் போர்ட்டுகளை மூடியிருக்கும் பிளாஸ்டிக் மூடியை எடுத்தீர்களா என்றும் ஒரு பார்வை. எச்டிஎம்ஐ-க்கு பெரும்பாலும் கொக்கி கிடையாது, வெறும் இறுக்கத்தில் நிற்கிறது, எனவே கடைசிவரை தள்ளுங்கள். டிஸ்ப்ளே போர்ட் பல கேபிள்களில் 'க்ளிக்' என்று மாட்டிக்கொள்ளும், கழற்றும்போது மேலே இருக்கும் பட்டனை அழுத்தாமல் இழுத்தால் போர்ட்டே கையோடு வரும்.

இப்போது நான் ஏமாந்த இடம். என் லேப்டாப்பில் எச்டிஎம்ஐ மட்டும்தான். புது மானிட்டரில் இருந்த ஒரே எச்டிஎம்ஐ-யை கேம் கன்சோல் பிடித்துக்கொண்டது. மிச்சம் டிஸ்ப்ளே போர்ட். ஒரு முனை எச்டிஎம்ஐ, மறுமுனை டிஸ்ப்ளே போர்ட் என்று ஒரு கேபிள் வாங்கினேன், இரண்டு பக்கமும் அழகாகப் பொருந்தியது, படம் மட்டும் வரவில்லை. டிரைவரை அழித்து மறுபடி போட்டேன், விண்டோஸை அப்டேட் செய்தேன், இரண்டு ராத்திரி போனது. மூன்றாம் நாள் மானிட்டரைப் பெட்டியில் வைத்து டேப்பும் ஒட்டிவிட்டேன். அப்போதுதான் கேபிள் வந்த கவரின் மூலையில் பொடி எழுத்தில் ஓர் அம்புக்குறியைப் பார்த்தேன்: டிஸ்ப்ளே போர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐ-க்கு. இந்தக் கேபிளுக்குத் திசை உண்டு! கம்ப்யூட்டரின் டிஸ்ப்ளே போர்ட்டுக்குப் பெரும்பாலும் எச்டிஎம்ஐ சிக்னலையும் அனுப்பத் தெரியும், அதனால் அந்தப் பக்கத்திலிருந்து சாதாரணக் கேபிளே போதும். எச்டிஎம்ஐ-க்கு டிஸ்ப்ளே போர்ட்டின் பாஷை தெரியாது. எச்டிஎம்ஐ உள்ள கம்ப்யூட்டரை டிஸ்ப்ளே போர்ட் மானிட்டரோடு இணைக்க உள்ளே சிப் உள்ள கன்வர்ட்டர் வேண்டும், அதற்குப் பவர் கொடுக்கப் பெரும்பாலும் ஒரு யூஎஸ்பி வாலும் இருக்கும். பழைய கம்ப்யூட்டரின் விஜிஏ-விலிருந்து எச்டிஎம்ஐ-க்குப் போவதும் இதே கதை, விஜிஏ அனலாக், அதையும் கன்வர்ட்டர்தான் மாற்ற முடியும். டிஜிட்டல் டிவிஐ-யிலிருந்து எச்டிஎம்ஐ-க்கு மட்டும் சும்மா ஒரு கேபிள் போதும், இரண்டிலும் ஓடுவது ஒரே வகை சிக்னல்.

டைப்-சி இதைவிட மோசம், ஏனென்றால் வெளியே பார்த்தால் எல்லாம் ஒன்று போலவே இருக்கும். லேப்டாப்பின் டைப்-சி போர்ட் படம் அனுப்பக்கூடியதாக இருக்க வேண்டும். பக்கத்தில் டிஸ்ப்ளே போர்ட் சின்னமோ தண்டர்போல்ட்டின் மின்னல் அம்போ இருந்தால் நல்லது, இரண்டு போர்ட் இருந்து ஒன்றில் மட்டும் படம் வரும் லேப்டாப்புகளும் உண்டு, அதனால் இரண்டிலும் செருகிப் பாருங்கள். கேபிளும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும். போனோடு வரும் சார்ஜிங் கேபிள்களில் பலவற்றில் யூஎஸ்பி 2.0 வயர்கள் மட்டும்தான் இருக்கும், படத்தைக் கொண்டுபோகும் வேகமான வயர்களே இருக்காது. லேப்டாப் சார்ஜ் ஆகிறது, படம் இல்லை என்றால் முதல் சந்தேகம் இதன் மேல்தான். மானிட்டர் பெட்டியில் வந்த கேபிளையே போடுங்கள். நடுவில் டாக் (ஒரே வயரில் பல போர்ட்டுகள் தரும் பெட்டி) வைத்திருந்தால் அதைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைத்துப் பாருங்கள், டிஸ்ப்ளேலிங்க் வகை டாக் என்றால் டிரைவர் போட்டால்தான் படமே வரும்.

எல்லாம் சரியாகச் செருகியிருக்கிறது, லேப்டாப் திரையிலும் படம் இருக்கிறது, வெளி மானிட்டரில் மட்டும் இல்லையென்றால் விண்டோஸ் கீயோடு பி அழுத்தி 'டூப்ளிகேட்' அல்லது 'எக்ஸ்டெண்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கிராபிக்ஸ் டிரைவரையே உலுக்கி எழுப்ப விண்டோஸ், கண்ட்ரோல், ஷிப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்தலாம், ஒரு பீப் சத்தம் வந்து திரை ஒரு கணம் சிமிட்டும். தமிழில் எழுதினால் இரண்டுமே பி-யாகிவிடுகிறது: முதலாவது ஓ-வுக்கு வலப்பக்கம் இருப்பது, இரண்டாவது கீழ் வரிசையில் வி-க்கும் என்-னுக்கும் நடுவில் இருப்பது.

இன்னொரு வகை கோளாறு இருக்கிறது, இதற்கு அடையாளம் தெளிவு. கம்ப்யூட்டரைப் போட்டதும் மதர்போர்டு லோகோ வருகிறது, விண்டோஸ் வட்டமும் சுற்றுகிறது, லாகின் திரை வர வேண்டிய நேரத்தில் பட்டென்று கறுப்பு. இல்லையென்றால் 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று எழுத்து. இங்கே மானிட்டரும் கேபிளும் செத்துப்போகவில்லை, விண்டோஸ் கேட்கும் ரெசல்யூஷனையோ (திரையில் எத்தனை புள்ளிகள்) ரெஃப்ரெஷ் வேகத்தையோ (விநாடிக்கு எத்தனை முறை படம்) நடுவில் ஏதோ ஒன்றால் தாங்க முடியவில்லை. எச்டிஎம்ஐ 1.4 வழியாக 4கே படம் விநாடிக்கு 30 முறைதான் போகும், 60 வேண்டும் என்றால் எச்டிஎம்ஐ 2.0 வேண்டும், கம்ப்யூட்டர், கேபிள், மானிட்டர் மூன்றுமே அதற்குத் தயாராக இருக்க வேண்டும். அலமாரியில் கிடந்த பழைய கேபிளை 4கே மானிட்டருக்கு மாட்டினால் இப்படி நடக்கலாம். சுலபமான வழி: பழைய மானிட்டரையோ டிவியையோ கூடவே மாட்டி, டிஸ்ப்ளே செட்டிங்ஸில் புதியதைத் தேர்ந்தெடுத்து அதன் ரெசல்யூஷனை 1920க்கு 1080 ஆகவும் வேகத்தை 60 ஹெர்ட்ஸாகவும் இறக்குங்கள். படம் வந்ததும் ஒவ்வொரு படியாக ஏற்றிக்கொண்டே போனால் எந்தப் படியில் உடைகிறது என்று தெரிந்துவிடும்.

இதற்கு நேர் எதிரானதும் உண்டு. டிஸ்ப்ளே போர்ட்டில் லோகோவும் பயாஸும் (விண்டோஸுக்கு முன் வரும் செட்டிங்ஸ் திரை) வருவதே இல்லை, விண்டோஸ் வந்த பிறகுதான் படம் வருகிறது. என்விடியா ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைக் கார்டு வைத்திருப்பவர்களுக்கு டிஸ்ப்ளே போர்ட் 1.3, 1.4 மானிட்டர்களோடு இப்படி நடந்தது, அதற்காக 2018-ல் அந்தக் கம்பெனியே ஃபர்ம்வேர் (கார்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) அப்டேட் கொடுத்தது. அதைப் போடும்வரை எச்டிஎம்ஐ-யில் ஓட்டலாம், அல்லது மானிட்டர் மெனுவில் டிஸ்ப்ளே போர்ட் வெர்ஷனை 1.2 என்று மாற்றலாம்.

மானிட்டரோடு கம்ப்யூட்டரும் புதுசு என்றால் அது உண்மையில் ஆன் ஆகியிருக்கிறதா என்பதே கேள்வி. கீபோர்டில் கேப்ஸ் லாக்கை அழுத்திப் பாருங்கள், விளக்கு எரிந்து அணைந்தால் கம்ப்யூட்டர் விழித்திருக்கிறது. அசையவே இல்லை, ஃபேன் மட்டும் சுற்றுகிறது என்றால் மானிட்டரை விட்டுவிடுங்கள்: கிராபிக்ஸ் கார்டுக்குத் தனியாகப் போக வேண்டிய 6 அல்லது 8 பின் பவர் வயரை மாட்டினீர்களா, ரேம் இரண்டு பக்கமும் 'டக்' என்று உட்கார்ந்ததா என்று பாருங்கள். டிடிஆர்5 ரேம் போட்ட புது மெஷின் முதல் தடவை ரேமைப் பழகிக்கொள்ளவே சில நிமிடம் கறுப்பாக நிற்கும், பதறி பவரை நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

இவ்வளவும் பார்த்தும் அசையவில்லை என்றால் மானிட்டர், கம்ப்யூட்டர் இரண்டின் பவர் வயரையும் சுவரிலிருந்து உருவி, மானிட்டர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, ஒரு நிமிடம் கழித்து முதலில் மானிட்டரை, பிறகு கம்ப்யூட்டரைப் போடுங்கள். ஏன் என்று கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கும் அளவுக்கு எளிமையான வைத்தியம், ஆனாலும் சில சமயம் பலிக்கும். கடைசியாக, வேறு ஒரு லேப்டாப்பையோ செட்-டாப் பாக்ஸையோ வேறு கேபிளில், மானிட்டரின் வேறு போர்ட்டில் மாட்டிப் பாருங்கள். ஒரு போர்ட் மட்டும் செத்திருந்தாலும் வாரண்டியில் கேட்கலாம், மானிட்டர் 'நோ சிக்னல்' சொல்கிறதே என்று விட்டுவிட வேண்டாம்.

அதிலும் வரவில்லையென்றால் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். திறந்து பார்க்க ஆசை வரும், வேண்டாம், வயரைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்தேக்கிகளில் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம், ஸ்க்ரூவைத் தொட்டால் வாரண்டியும் போய்விடலாம். வீடியோ கேபிள் எதுவும் இல்லாமல் ஆன் செய்து திரை இருட்டாகவே இருப்பதையும், முதுகில் இருக்கும் சீரியல் நம்பரையும் போனில் ஒரே வீடியோவாக எடுத்துவையுங்கள், 'கேபிளை மாற்றிப் பார்த்தீர்களா' என்று தொடங்கும் பாதிக் கேள்விகள் அதிலேயே முடிந்துவிடும். பெட்டியில் வைக்கும்போது ஸ்டாண்டு, அடாப்டர், உள்ளே வந்த கேபிள்கள் எல்லாம் போய்விட்டனவா என்று எண்ணிக்கொள்ளுங்கள், நீங்கள் சொந்தமாக வாங்கிய கேபிளை மட்டும் வெளியே எடுத்துவையுங்கள்.