வன்னி நகர வீதியில் சைக்கிள் பாதையும் நிழலும்: அளவெடுப்பதிலிருந்து மரம் நடுவது வரை

வன்னியில் சைக்கிள் ஓடச் சொல்லி யாரையும் கெஞ்சத் தேவையில்லை. காலை ஏழு மணிக்குக் கிளிநொச்சி கரடிப்போக்குச் சந்தியில் நின்றால் தெரியும். வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள், கூலி வேலைக்குப் போகிறவர்கள், கையால் சுற்றும் மூன்று சில்லு வண்டியில் வருகிறவர்கள் எல்லாரும் ஏற்கெனவே வீதியில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கு இல்லாதது இடம். தார்க் காப்பெற் போட்டுப் போட்டு வீதி உயர்ந்துவிட்டது, ஓரத்துக் கிரவல் மழையில் கரைந்து இறங்கிவிட்டது. பின்னால் லொறி ஹோர்ன் அடித்ததும் சைக்கிள்காரர் ஒதுங்குகிற இடம் அந்த நாலு அங்குல விளிம்புதான். விழுவதும் அங்கேதான். கீழே உள்ள அளவுகள் எல்லாம் ஏற்கெனவே ஓடுகிற இவர்களுக்காக. கிளிநொச்சி, வவுனியா, மாங்குளம், புதுக்குடியிருப்பு போன்ற நகரங்களில் பிரதான வீதியின் ஒன்றிரண்டு கிலோமீற்றர் துண்டை மனதில் வைத்து எழுதப்பட்டவை.

வீதி யாருடையது

ஏ, பி வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கு உரியவை. சி, டி வகுப்பு மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு, மற்ற உள்வீதிகள் உள்ளூராட்சி சபைக்கு. ஏ–9 இலோ, பரந்தனிலிருந்து முல்லைத்தீவு போகும் ஏ–35 இலோ பிரதேச சபை தனியாகக் கல் நட முடியாது. எழுத்தில் அனுமதி வாங்கி, வீதி ஒதுக்கின் (வீதிக்கென்று ஒதுக்கிய முழு அகல நிலத்தின்) எல்லைக் கல்லை நில அளவையாளரைக் கொண்டு காட்டச் செய்யுங்கள். கடை முகப்புகள் ஒதுக்குக்குள் எவ்வளவு வந்திருக்கின்றன என்பது அப்போதுதான் வெளிவரும். அந்தக் கதையை வரைபடம் கீறுவதற்கு முன்னரே பேசி முடிக்க வேண்டும், பிறகு அல்ல.

எண்ணுங்கள்

பாடசாலை நடக்கும் ஒரு வார நாளிலும் ஒரு சனிக்கிழமையிலும் காலை 6 முதல் மாலை 6 வரை, கால்மணி நேரத்துக்கு ஒரு வரியாக எண்ணுங்கள். சைக்கிள், மோட்டார் சைக்கிள், ஓட்டோ, கார்–வான், பஸ், லொறி, உழவு இயந்திரம் என்று தனித்தனி நிரல் வேண்டும். சைக்கிளுக்கு மட்டும் இன்னொரு நிரல்: எதிர்த்திசையில் வந்தவை. ஒரு பக்கத்தில் பாடசாலையும் அதே பக்கத்திலேயே குடியிருப்பும் இருந்தால், பிள்ளைகள் இரண்டு தரம் வீதியைக் கடக்காமல் எதிர்த்திசையில்தான் வருவார்கள். அதைத் திட்டிப் பயனில்லை. அந்தத் துண்டில் பாதையை 3 மீற்றராக்கி இருதிசையும் ஓட விட வேண்டும்.

வேகத்தை அளக்கக் கருவி தேவையில்லை. 50 மீற்றருக்கு இரண்டு கோடு போட்டு நிறுத்தற் கடிகாரத்தால் பாருங்கள். 3.6 செக்கன் என்றால் மணிக்கு 50 கிலோமீற்றர், 4.5 செக்கன் என்றால் 40. 100 வண்டிகளை அளந்து, மெதுவானதிலிருந்து வரிசைப்படுத்தி, 85 ஆவது வண்டியின் வேகத்தை எடுங்கள். அது 40 ஐத் தாண்டினால் வெறும் வெள்ளைக் கோடு பாதுகாப்பல்ல, தடுப்பு கட்டாயம்.

குறுக்குவெட்டு

ஒதுக்கு 22 மீற்றர் இருந்தால் கணக்கு இப்படி வரும். நடுவில் வாகனத்துக்கு 7 மீற்றர், அதாவது 3.5 வீதம் இரண்டு ஓடுபாதை. மிச்சம் ஒவ்வொரு பக்கமும் 7.5. அதில் வீதியோடு ஒட்டி 2.3 மீற்றரில் வாகனத் தரிப்பும் மரக்குழியும் மாறி மாறி. அடுத்து 0.7 மீற்றர் இடைவெளி. அடுத்து 2 மீற்றர் சைக்கிள் பாதை. கடைசியில் 2.5 மீற்றர் நடைபாதை, அதன் அடியில் மூடிய கான்.

அந்த 0.7 மீற்றரைத்தான் எல்லாரும் முதலில் வெட்டப் பார்ப்பார்கள். விடாதீர்கள். தரித்து நிற்கும் காரின் கதவு திறக்கும் இடம் அது. சைக்கிள் பாதை 2 மீற்றருக்கு ஏன் என்றால், இரண்டு பிள்ளைகள் கதைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகத்தான் போவார்கள், பின்னால் வருகிறவர் முந்தத்தான் பார்ப்பார். 1.5 க்குக் கீழே குறைந்தால் மூன்று சில்லுக் கைவண்டியை முந்த முடியாமல் எல்லாரும் மறுபடி வீதிக்கு இறங்குவார்கள்.

ஒதுக்கு 15 மீற்றர்தான் என்றால் தரிப்பை விட்டுவிட வேண்டும். நடுவில் 6.4, ஒவ்வொரு பக்கமும் இடைவெளி 0.5, பாதை 1.8, நடைபாதை 2. இதற்கும் இடமில்லை என்றால் சைக்கிள் பாதை போடாதீர்கள். வாகன வேகத்தை 30 க்கு இறக்குகிற வேலையைச் செய்யுங்கள். ஒரு மீற்றர் அகலத்தில் பச்சை பூசிப் படமெடுப்பதை விட அது எவ்வளவோ மேல்.

கடைக்காரர் கேட்கப் போவது தரிப்பிடம். ஒரு கார் நிற்கும் 6 மீற்றரில் ஆறு மோட்டார் சைக்கிள் சரிவாக நிறுத்தலாம். எண்ணிய தாளைக் காட்டிப் பேசுங்கள். எங்கள் நகரங்களில் கடைக்கு வருகிற பெரும்பாலானவர்கள் மோட்டார் சைக்கிளில்தான் வருகிறார்கள்.

கான், மதகு, வெள்ளம்

2018 டிசம்பர் வெள்ளம் எந்த மட்டத்துக்கு வந்தது என்று வீட்டுக்கு வீடு கேளுங்கள். சுவரில் கோடு காட்டுவார்கள். அந்த மட்டங்களை ஒரு வரைபடத்தில் போட்ட பிறகுதான் பாதையின் உயரத்தைத் தீர்மானிக்க வேண்டும். மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் கொட்டிவிடுகிறது. அதனால் ஆண்டுச் சராசரியை வைத்துக் கானை அளந்தால் பிழைக்கும்.

பாதைக்கு 2 முதல் 2.5 சதவீதம் சரிவு கொடுத்துக் கானின் பக்கம் சாயுங்கள். தண்ணீர் கானுக்குள் போக மேலே இரும்புச் சட்டம் வைப்பதை விட, விளிம்புக் கல்லில் பக்கவாட்டு வாய் விடுவது நல்லது. சட்டம் வைத்தே ஆக வேண்டுமென்றால் கம்பிகள் ஓடும் திசைக்குக் குறுக்காக இருக்க வேண்டும், இடைவெளி 20 மில்லிமீற்றருக்கு மேல் போகக் கூடாது. நெடுக்காக வைத்த சட்டத்தில் முன்சில்லு இறங்கினால் ஆள் தலைகீழ்.

கான் மூடும் கொங்கிறீற் பலகையை 900 × 500 × 100 மில்லிமீற்றருக்கு வார்த்தெடுங்கள். ஒன்று ஏறத்தாழ 108 கிலோ வரும். நான்கு பேர் தூக்கலாம், தனி ஆள் கழற்றிக்கொண்டு போக முடியாது. தூக்குவதற்கு இரண்டு துளை விட மறக்காதீர்கள். துளை இல்லாத பலகையை வண்டல் வாரும்போது அலவாங்கால் கிண்டி உடைப்பார்கள், பிறகு அந்த ஓட்டை அப்படியே கிடக்கும்.

அடித்தளமும் மேற்பரப்பும்

குழி தோண்டுகிற இடம் கண்ணிவெடி அகற்றிச் சான்று கொடுத்த நிலமா என்று மாவட்டச் செயலகத்தில் உறுதிப்படுத்துங்கள். நகருக்குள் என்றாலும் வெடிக்காத பொருட்கள் இன்னும் மண்ணில் அகப்படுகின்றன. துருப்பிடித்த எதையாவது கண்டால் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஆட்களை விலக்கி 119 க்கு அறிவியுங்கள். தொட்டுப் பார்க்க வேண்டாம்.

மேல் மண்ணை 150 மில்லிமீற்றர் வழித்து ஒதுக்கி வையுங்கள், மரக்குழிக்கு அது பொன். பிறகு கிரவல் 150 நிரப்பி நனைத்து உருளை ஓட்டி, அதற்கு மேல் ஏ.பி.சி. கல் (அடித்தளத்துக்கான உடைகல் கலவை) 150 போட்டு, அதற்கு மேல் 40 மில்லிமீற்றர் தார்க் காப்பெற். 1 கிலோமீற்றர் இருபக்கமும் 2 மீற்றர் அகலம் என்றால் 4,000 சதுர மீற்றர். ஏ.பி.சி. இறுகிய நிலையில் 600 கன மீற்றர் வேண்டும். தளர்வாக வாங்கும்போது கால்வாசி கூட்டி 750 சொல்லுங்கள். காப்பெற் 160 கன மீற்றர், நிறையில் ஏறக்குறைய 375 தொன்.

கடை, வீட்டு வாசல்களில் ரிப்பர் ஏறி இறங்கும். அங்கே காப்பெற்றுக்குப் பதில் 150 மில்லிமீற்றர் கொங்கிறீற். வாசலுக்காகப் பாதையை இறக்கி ஏற்றாதீர்கள். பாதை மட்டமாகவே ஓட, வாகனம்தான் ஏறி இறங்க வேண்டும்.

வர்ணப் பூட்டுக்கல் (இன்ரர்லொக் கல்) பதிப்பது இப்போது எல்லாச் சபைகளுக்கும் ஆசை. நடைபாதைக்கு நல்லது. சைக்கிளுக்கு வேண்டாம். இரண்டு மாரி போனால் கல் அங்கங்கே அமுங்கி, சில்லுக்குத் தாளம் போடும். வேர் கிளப்பினால் இன்னும் மோசம். பச்சை வர்ணமும் பாதை முழுவதற்கும் தேவையில்லை. சந்தியைக் கடக்கும் துண்டுக்கு மட்டும் போதும், அதுவும் மணல் தூவிப் பூசியதாக. வழுவழுப்பான வர்ணம் முதல் தூறலிலேயே ஆளை விழுத்தும்.

தார் போடும் முன் 50 மீற்றருக்கு ஒன்றாக 110 மில்லிமீற்றர் பீ.வீ.சீ. குழாய் குறுக்கே புதைத்து இரண்டு முனையையும் மூடி வையுங்கள். நீர், மின்சாரம், தொலைபேசி எது வந்தாலும் அதற்குள் போகட்டும். இதைச் செய்யாத வீதியைப் புதுக் காப்பெற் மணம் போகும் முன்னரே வெட்டுவார்கள்.

தடுப்பும் ஓட்டோவும்

தூண் நடும் இடைவெளியை வெளிநாட்டு வரைபடத்திலிருந்து எடுத்தால் 1.5 மீற்றர் என்றிருக்கும். காரை அது மறிக்கும். ஆனால் ஓட்டோவின் அகலம் 1.3 மீற்றர்தான். எனவே பாதையின் வாயில் தூணுக்கும் தூணுக்கும் இடையில் 1.2 மீற்றர். கைவண்டி இதற்குள் வரும், ஓட்டோ வராது. மோட்டார் சைக்கிளை எந்தத் தூணும் மறிக்காது. அதற்குப் பொலிசார்தான்.

நிரந்தரமாகக் கட்டுவதற்கு முன் 200 மீற்றரில் நாலு கிழமை ஒத்திகை பாருங்கள். வெறும் தார்ப் பீப்பாவுக்குப் பாதி மணல் நிரப்பி, வெள்ளை பூசி, ஒளி தெறிக்கும் பட்டி ஒட்டி, நடுவுக்கு நடு 1.8 மீற்றரில் வைத்தால் இடைவெளி 1.2 வரும். எந்தப் பீப்பா அடிக்கடி இடிபடுகிறது என்று பார்த்தால், எந்த வளைவு பிழை என்று அதுவே சொல்லிவிடும்.

சைக்கிள் பாதைக்கும் நடைபாதைக்கும் இடையிலுள்ள விளிம்புக் கல் 50 மில்லிமீற்றர் உயரம், சரிந்த முகம். 150 இல் நிமிர்ந்த கல் வைத்தால் மிதிகட்டை தட்டும்.

சந்தியும் பஸ் தரிப்பிடமும்

ஒழுங்கை வந்து ஏறும் இடத்தில் பாதையை உடைக்காமல், 100 மில்லிமீற்றர் உயர்ந்த மேடையாகக் கொண்டு போங்கள். இரு பக்கமும் 1 மீற்றர் சாய்வு. திரும்பும் வாகனம் தானாகவே வேகம் குறைக்கும். பஸ் திரும்பாத ஒழுங்கையில் மூலை வளைவின் ஆரை 4 முதல் 5 மீற்றர் போதும். வீதிக்கும் பாதைக்கும் இடையில் ஒரு கார் நின்று வழிவிட 5 மீற்றர் தேவை. எங்கள் 22 மீற்றர் வெட்டில் 3 தான் கிடைக்கும், அது ஓட்டோவுக்குக் காணும். கார் நிற்க இடம் வேண்டுமென்றால் சந்திக்கு முன் பாதையை மெல்ல உள்ளே வளைக்க வேண்டும். சந்தியிலிருந்து 10 மீற்றருக்குள் தரிப்பும் வேண்டாம், 0.6 மீற்றருக்கு மேல் வளரும் செடியும் வேண்டாம்.

பஸ் தரிப்பிடத்தில் பாதை ஆட்களுக்குப் பின்னால் போக வேண்டும். தரிப்பும் இடைவெளியும் சேர்ந்த 3 மீற்றர் அங்கே மேடையாகிவிடும், நிழற்குடையும் அதிலேயே. மேடையின் பின்னால் பாதையை நடைபாதை உயரத்துக்கு ஏற்றிக் கடவை கீறுங்கள்.

மரம்

பாடசாலை 1.30 க்கு விடுகிறது. அந்த வெயிலுக்கு நிழல் இல்லாத பாதையில் பிள்ளை ஓடாது, கடைத் தாழ்வாரத்தோடு ஒட்டித்தான் ஓடும். கிளிநொச்சியில் ஏ–9 ஏறத்தாழ வடக்குத் தெற்காகப் போகிறது. கிழக்குப் பக்கப் பாதைக்கு மரவரிசை மேற்கில் இருப்பதால் பிற்பகல் நிழல் பாதையில் விழும். மேற்குப் பக்கத்தில் அதே வரிசையின் நிழல் வீதிக்குத்தான் போகும். அங்கே நடைபாதைக்கு வெளியிலும் ஒரு வரிசை நடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரைந்த வரைபடம் பார்க்க அழகு, வெயிலில் பாதிப் பயன்.

வேம்பு, புங்கை, இலுப்பை மூன்றும் எங்கள் வரட்சியைத் தாங்கும். மருது தாழ்வான ஈர இடத்துக்கு. பாலையும் முதிரையும் நல்ல மரங்கள், ஆனால் நிழல் தர ஒரு தலைமுறை எடுக்கும், இடையிடையே வையுங்கள். ஆல், அரசு, இத்தி கானை உடைக்கும். மேமாசப் பூமரம் சோளகக் காற்றில் கொப்பு முறியும். மின்கம்பிக்குக் கீழே கொன்றை, மந்தாரை போன்ற சிறு மரம்தான், இல்லாவிட்டால் மின்சார சபை வந்து மொட்டையடிக்கும். அலரி தண்ணீர் கேட்காது, மாடும் தின்னாது, ஆனால் நஞ்சு. பாடசாலைப் பக்கம் வேண்டாம்.

குழி 1.2 மீற்றர் நீள, அகல, ஆழம். அடியில் பொச்சுமட்டை ஓர் அடுக்கு. அதற்கு மேல் ஒதுக்கி வைத்த மேல்மண் இரண்டு பங்கு, உக்கிய மாட்டெரு ஒரு பங்கு. களியாக இருந்தால் மணல் அரைப் பங்கு. கன்று ஆள் உயரத்துக்குக் குறையக் கூடாது. 8 முதல் 10 மீற்றருக்கு ஒன்று. வைக்கோலால் மூடாக்குப் போடாதீர்கள், கட்டாக்காலி மாட்டுக்கு விருந்து வைத்த மாதிரி. தென்னோலை போதும். கூடு 1.8 மீற்றர் உயரம் வேண்டும். மாடு எட்டித் தின்னும் என்பதை விட, கூட்டில் முதுகு உரசிச் சாய்த்துவிடும் என்பதே பெரிய பிரச்சினை, எனவே நாலு காலையும் அரை மீற்றர் புதையுங்கள்.

தார் வேலை பங்குனி முதல் ஆவணிக்குள், நடுகை ஐப்பசி முதல் மழையோடு. ஒப்பந்தம் பிந்தித் தை மாதம் கன்று வைத்தால் வைகாசிக்குள் பாதி காய்ந்துவிடும். அப்படிப் பிந்தினால் குழியை மூடிவிட்டு அடுத்த ஐப்பசி வரை காத்திருங்கள். முதல் இரண்டு கோடைக்கும் கிழமைக்கு இரண்டு தரம், மரத்துக்கு 25 லீற்றர். 150 மரத்துக்கு 3,750 லீற்றர், அதாவது ஒவ்வொரு தரமும் 4,000 லீற்றர் பவுசர் ஒன்று. இந்தச் செலவை வேலை ஒப்பந்தத்திலேயே இரண்டு வருடத்துக்கு எழுதி, கன்று உயிரோடு இருந்தால்தான் கடைசித் தவணை என்று போடுங்கள். கொப்புகளைப் பாதைக்கு மேல் 2.5 மீற்றருக்கும், வீதிக்கு மேல் 5 மீற்றருக்கும் கழித்து வர வேண்டும்.

திறந்த பிறகு

காலபோக அறுவடை வந்ததும் மாசி, பங்குனியில் பாதையில் நெல் காயும். மட்டமான, சூடான, வாகனம் வராத 2 மீற்றர் தளத்தை வேறெங்கே காண்பது? விரட்டிப் பயனில்லை. கமநல சேவை நிலையத்தோடு பேசி அருகில் ஒரு தளம் ஒழுங்கு செய்யுங்கள். அதுவும் முடியாவிட்டால் அந்த ஆறு கிழமைக்குத் தரிப்புப் பட்டையைக் கொடுங்கள், பாதையை அல்ல. மாரி இரவில் மாடுகளும் சூட்டுக்கு அங்கே வந்து படுக்கும், அதனால் வீதி விளக்கின் ஒரு கையாவது பாதையின் பக்கம் திரும்பியிருக்க வேண்டும்.

வாகனம் ஓடாத பாதை தானாகச் சுத்தமாகாது. மணலும் உடைந்த போத்தல் துண்டுகளும் ஓரத்தில் சேரும், ரியூப் ஒட்டுகிற கடைக்காரருக்குத்தான் அது லாபம். பெரிய வீதியைக் கூட்டும் இயந்திரம் தூண்களுக்கு இடையில் நுழையாது. கிழமைக்கு ஒரு தரம், பெருமழைக்கு மறுநாள் கட்டாயமாக, கை விளக்குமாற்றுடன் இரண்டு ஆட்களை வேலைப் பட்டியலில் போடுங்கள்.