ரத்தக்குழாய் வீக்கம் இருக்கறவங்க பீட்டா பிளாக்கர் மாத்திரைய எப்படி எடுத்துக்கணும்

தொப்பூர் கணவாய்ல லோடு லாரி இறங்கறத பாத்திருப்பீங்க, சின்ன கியர்ல போட்டு மெதுவா உருட்டிட்டே வருவாங்க. அடெனோலால், மெட்டோப்ரோலால்னு 'லால்'ல முடியற பீட்டா பிளாக்கர் மாத்திரைங்க இதயத்துக்கு செய்யறதும் அதேதான், துடிப்பு குறையும், ரத்தம் குழாய் சுவத்துல வந்து மோதற வேகமும் குறையும்.

எங்கப்பாவுக்கு வயித்துல இருக்கற பெரிய ரத்தக்குழாய் 3.8 செ.மீ. வீங்கியிருக்குன்னு ஸ்கேன்ல வந்துச்சு. 3 செ.மீ. ஆயிட்டாலே அனூரிசம்தான் (ரத்தக்குழாய் வீக்கத்துக்கு டாக்டருங்க சொல்ற பேரு), ஆபரேஷன் பேச்சு பொதுவா ஆம்பளைங்களுக்கு 5.5லயும் பொம்பளைங்களுக்கு 5லயும் வரும். மாத்திரைல வீக்கம் வத்திடும்னு அவரு நம்பிட்டு இருந்தாரு, வத்தாதுங்க. சின்ன வீக்கத்துக்கு ப்ரோப்ரானோலால் குடுத்து பாத்த ஆராய்ச்சில வளர்றதுகூட குறையல. பிரஷருக்கும் இதயத்துக்கும்தான் அந்த மாத்திரை, வீக்கத்துக்கு மொதல்ல பீடிய விடணும் (இதுக்குத்தான் எங்க வீட்ல சண்டையே).

இப்ப முக்கியமானது, மாத்திரைய திடீர்னு நிறுத்தாதீங்க. மாங்கா சீசன்ல தோப்புல தங்கப் போன எங்கப்பா அட்டைய டிவி மேலயே விட்டுட்டாரு, மூணாம் நாள் நெஞ்சு படபடன்னு அடிக்குது, பாத்தா பிரஷர் 190. இத்தன நாள் அடக்கி வச்ச அட்ரினலின் வேகமெல்லாம் ஒரேயடியா கெளம்பிடும், ஏற்கனவே மெலிஞ்ச சுவரு அத தாங்கணுமே. நிறுத்தணும்னா டாக்டர் சொல்லி ஒண்ணு ரெண்டு வாரத்துல கொஞ்சம் கொஞ்சமா கொறைக்கணும். அட்டைல அஞ்சு மாத்திரை மிச்சம் இருக்கும்போதே அடுத்தது வாங்கிடுங்க. மக்களைத் தேடி மருத்துவத்துல வாங்கறவங்க (2021ல நம்ம சாமனப்பள்ளிலதான் ஆரம்பிச்சாங்க) வீட்டுக்கு வர்றவங்ககிட்ட முன்னாடியே சொல்லி வைங்க. ஒரு வேளை மறந்துட்டா ஞாபகம் வந்ததும் போடுங்க, அடுத்த வேளை நெருங்கிடுச்சுன்னா விட்டுடுங்க, ரெண்டா சேத்து போடக்கூடாது.

காலைல மணிக்கட்டுல விரல வச்சு ஒரு நிமிஷம் முழுசா எண்ணுங்க, 50க்கு கீழ போயி தலையும் சுத்துச்சுன்னா டாக்டருக்கு சொல்லுங்க. ஆஸ்துமா இருந்தா முதல்லயே சொல்லிடணும். சுகர்காரங்களுக்கு இந்த மாத்திரையால லோ சுகர் படபடப்பு தெரியாம போயிடும், வேர்வைதான் காட்டிக்குடுக்கும்.

காய்ச்சல், நீர்க்கடுப்புன்னு மெடிக்கல்ல போயி சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின்ங்கற ஆன்டிபயாடிக் மாத்திரைங்கள நீங்களா வாங்காதீங்க, வீக்கம் இருக்கறவங்களுக்கு குழாய் வெடிக்கலாம்னு அமெரிக்காவோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 2018லயே எச்சரிச்சிருக்கு.

திடீர்னு வயித்துலயோ முதுகுலயோ தாங்க முடியாத வலி, மயக்கம்னா வாய்வுன்னு ஓமத்தண்ணி வச்சிட்டு உக்காராதீங்க, கூட ஒரு பிரஷர் மாத்திரையும் குடுக்காதீங்க, 108க்கு போன் போட்டுட்டு வர்றவங்ககிட்ட 'வயித்துல அனூரிசம்'னு சொல்லி ஸ்கேன் ரிப்போர்ட்ட கைல குடுங்க. எங்க வீட்ல அது கதவுக்குப் பின்னாடி மஞ்சப்பைல தொங்குது.