தேயிலை ஃபேக்டரி பயிற்சியை வகுப்பிலிருந்து போனுக்கு மாற்றுவது எப்படி

குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் தேயிலை ஃபேக்டரியில் ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு உங்களிடம் இருக்கிறதா? வகுப்பை டிஜிட்டலாக்கச் சொன்னால், ஹாலில் பேசும் இரண்டு மணி நேரப் பேச்சை அப்படியே வீடியோ எடுத்து குரூப்பில் போடத்தான் முதலில் தோன்றும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நைட் ஷிப்ட் முடித்து வருகிறவர் அதைப் பத்து நிமிடம்கூடப் பார்க்க மாட்டார்.

முதலில் எது போனுக்கு வரும், எது வராது என்று பிரித்துவிடுங்கள். நல்ல கொழுந்துக்கும் முற்றிய இலைக்கும் உள்ள வித்தியாசம், கை கழுவும் முறை, இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் சிடிசி எந்திரத்தைச் சுத்தம் செய்யும் முன் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டும் வரிசை, இதெல்லாம் வீடியோவில் நன்றாகப் புரியும். ஆனால் வாடிய இலையைக் கையில் அழுத்திப் பார்த்து பதம் சொல்வது, நொதிக்கும் தூள் பச்சையிலிருந்து செம்பு நிறத்துக்கு வரும்போது மணத்தை வைத்து நேரம் கணிப்பது இரண்டும் அனுபவசாலி டீமேக்கர் பக்கத்தில் நின்றுதான் படியும், அதைப் போனில் திணிக்க வேண்டாம். பூட்டும் வரிசையை வீடியோவில் பார்த்தவரும் சூப்பர்வைசர் முன்னால் ஒருமுறை செய்து காட்டிய பிறகுதான் எந்திரத்தைத் தொட வேண்டும்.

ஒரு வீடியோவுக்கு ஒரு வேலை, மூன்று நிமிடம் போதும். உங்கள் ஃபேக்டரியிலேயே, உங்கள் எந்திரத்தை வைத்தே எடுங்கள், ஏனென்றால் சுவிட்ச் எந்தச் சுவரில் இருக்கிறது என்பதுதான் ஆளுக்குத் தெரிய வேண்டிய விஷயம். ரோலர் ஓடும் சத்தத்தில் பேச்சு கேட்காது, அதனால் குரலைத் தனியாகப் பதிவு செய்து சேர்த்துவிடுங்கள். ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் இருந்தால் அதே வீடியோவுக்கு இந்தியில் இன்னொரு குரல். எழுத்தைக் குறைத்துவிடுங்கள், எல்லோருக்கும் வாசிப்பு ஓடாது.

அடுத்து சிக்னல். கூடலூர், பந்தலூரில் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் மரம் விழுந்து கரன்ட் போகும், பின்னாலேயே டவரும் போகும். ஆன்லைனில் மட்டும் ஓடும் எதையும் நம்பாதீர்கள். 2002-ல் வந்த ‘மூடில்’ (Moodle) என்ற பாடம் நடத்தும் மென்பொருள் இலவசம், அதன் ஆப்பில் பாடத்தை இறக்கி வைத்து நெட் இல்லாமலும் பார்க்கலாம். முப்பது நாற்பது பேர் உள்ள சின்ன ஃபேக்டரிக்கு அதுவும் தேவையில்லை, வாட்ஸ்அப் குரூப்பும், கொழுந்து நிறுக்கும் இடத்தில் வீடியோக்களை ஏற்றி வைத்த ஒரு டேப்லெட்டும் போதும். பட்டன் போன் வைத்திருக்கும் அக்காமார் விட்டுப்போகக் கூடாது.

நான் விடாமல் வலியுறுத்துவது ஒன்று: பார்க்கும் நேரம் ஷிப்டுக்குள், சம்பளத்தோடு இருக்க வேண்டும். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள் என்றால் அது பயிற்சி இல்லை, கூலி இல்லாத கூடுதல் வேலை.

‘பார்த்தாச்சா’ என்று டிக் வாங்குவதால் பயன் இல்லை. இரண்டு கொழுந்துக் குவியலின் போட்டோவைக் காட்டி எதை எடுப்பீர்கள் என்று கேளுங்கள், ஒரு வாரம் கழித்து ஒருமுறை, மாதம் கழித்து இன்னொரு முறை. படித்தது எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்று ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-லேயே தன்னையே சோதித்து எழுதி வைத்திருக்கிறார்.

தொடங்க நல்ல சமயம் ஜனவரி, பிப்ரவரி. உறைபனியில் கொழுந்து வரத்து குறைந்திருக்கும், ஆட்களுக்கும் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கும். அப்புறம், எந்திரம் மாறினால் பழைய வீடியோவை அன்றைக்கே நீக்கிவிட ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள்.