ஆறு எண்ணினால் ஆறு கிலோமீட்டர் இல்லை

போன மாதம் ஒரு சாயங்காலம், மலேசியாவில் கோலா சிலாங்கூர் பக்கம் எங்கள் தோட்டத்துத் திடலில் மூன்று பையன்கள் மின்னலைப் படம் எடுக்கக் கேமராவை முக்காலியில் வைத்து நின்றார்கள். மேற்கே மலாக்கா நீரிணைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஒரு மின்னல் வெட்டியது. "ஒண்ணு, ரெண்டு..." என்று ஆறு வரை எண்ணிய ஒருவன், இடி கேட்டதும், "ஆறு கிலோமீட்டர்ண்ணே, இன்னும் நேரம் இருக்கு" என்றான். எனக்குப் பகீரென்றது. இருபது வருஷத்துக்கு முன்னால் அதே திடலில் அதே கணக்கைப் போட்டவன் நான்.

மின்னலைப் படம் எடுக்கப் புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறுகளைச் சொல்கிறேன். லென்ஸ் மூடியைக் கழற்ற மறப்பது, சார்ஜ் இல்லாத பேட்டரியோடு வருவது எல்லாம் இரண்டு தடவை பட்டால் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எண்ணிக்கையை நம்புவது

மின்னல் உடனே தெரிந்துவிடும். இடிச்சத்தமோ நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் நகரும். ஒரு கிலோமீட்டருக்கு 3 நொடி. ஆக, ஆறு எண்ணினால் மின்னல் வெறும் 2 கிலோமீட்டரில் இருக்கிறது. இடி இடித்தால் எங்கள் பாட்டி "அர்ஜுனா, அர்ஜுனா" என்பார். மூன்று அர்ஜுனாவுக்கு ஒரு கிலோமீட்டர் என்றுதான் பையன்களுக்குச் சொல்கிறேன்.

இருபது வருஷத்துக்கு முன்னால் அன்று நானும் ஆறு எண்ணினேன். மழை ஒரு சொட்டு இல்லை. இன்னும் நாலு படம் எடுக்கலாம் என்று நின்றேன். அடுத்தது எண்ணவே விடவில்லை. திடலோரச் செம்பனையில் வெளிச்சமும் வெடிச்சத்தமும் ஒன்றாக இறங்கின. நான் விழுந்தேன், முக்காலியும் விழுந்தது. கடன்பட்டு வாங்கிய லென்ஸ் கல்லில் பட்டு இரண்டாகிப்போனது. இரண்டு மாதச் சம்பளம்! அந்த மரமும் அப்புறம் பட்டுப்போனது.

கணக்கைச் சரியாகப் போட்டாலும் பிரயோசனம் குறைவு. போன மின்னல் எங்கே என்றுதான் அது சொல்லும், அடுத்ததைப் பற்றி ஒன்றும் சொல்லாது. மழை பெய்கிற இடத்திலிருந்து 10 கிலோமீட்டர் தள்ளியும் மின்னல் விழும். 2017 அக்டோபர் 22-ல் அமெரிக்காவில் டெக்சஸின் கிழக்கிலிருந்து கான்சஸ் சிட்டி அருகே வரை ஒரே மின்னல் 829 கிலோமீட்டர் ஓடியதாக உலக வானிலை அமைப்பு பதிவு செய்திருக்கிறது. இங்கே வடக்கு எல்லையில் உள்ள பாடாங் பெசாரிலிருந்து தெற்கு முனையில் உள்ள ஜொகூர் பாருவுக்கு நேர்கோடு போட்டால்கூட அவ்வளவு வராது. இதில் விரல் விட்டு எண்ணி என்ன ஆகப்போகிறது? இடி காதில் விழுந்தால் சாமான்களை மடக்குங்கள்.

"மழை விட்டாச்சு"

கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே வரலாம். மழை விட்டதா என்று பார்க்காதீர்கள்.

ஒதுங்கும் இடம்

கூரை மட்டும் உள்ள பொண்டோக் (கொட்டகை), பஸ் நிறுத்தம், செம்பனை அடி, எதுவும் ஆகாது. சுவர் வைத்த வீடு, இல்லையென்றால் கண்ணாடி ஏற்றிய கார். கார் காப்பாற்றுவது டயர் ரப்பரால் என்று இன்னும் சொல்கிறார்கள். இல்லை, அதன் உலோகக் கூடு மின்சாரத்தை வெளிப்பக்கமாகவே தரைக்குக் கொண்டுபோய்விடுகிறது. மோட்டார் சைக்கிளுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது.

முக்காலி மின்னலை இழுக்குமா?

இழுக்காது. வெட்டவெளியில் உயரமாக நிற்பது நீங்கள்தான்.

நேரம் தெரியாமல் அலைவது

வெனிசுவேலாவில் கட்டடும்போ ஆறு மரக்காய்போ ஏரியில் சேரும் இடத்தில் பல இரவுகள் விடாமல் மின்னும். அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு இங்கே தினமும் ராத்திரி திடலுக்கு ஓடினால் கொசுக்கடிதான் மிச்சம். ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபர், நவம்பர் மாதங்களில் பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல் இடிக்கும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சுமத்ரா பக்கமிருந்து வரிசையாக வரும் புயல்மேகம் விடியலுக்கு முன்னாலேயே கரைக்கு வந்துவிடும். நல்ல இருட்டு. வீட்டுக்குள்ளிருந்தே எடுக்கலாம்: ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப் 8, ஷட்டர் திறந்திருப்பது 15 நொடி, ஃபோகஸ் கையால்.

என்னிடம் உள்ளதிலேயே நல்ல படம், சாத்திய அடுப்படி ஜன்னல் வழியாக எடுத்தது. ஓரத்தில் அம்மா எடுக்க மறந்த துணிக்கொடி தெரியும்.